ஊவாத் தோட்டங்களும் கருமுத்து தியாகராசரும்

இலங்கையில் பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணம் 1886ஆம் ஆண்டு தனி நிர்வாகப் பிரிவாக உருவாக்கப்பட்டபோது, இலைநோயால் அழிந்த கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. 1890இல் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தாமஸ் லிப்டன் போன்றோரின் பெயரை உலகம் அறியும். அச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களோ, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய வானம் பார்த்த பூமிகளிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டு வந்த ஏழை உழவர்கள். அதே வறண்ட நிலத்தின் ஒரு பகுதியான செட்டிநாட்டிலிருந்துதான், அத்தோட்டங்களை இயக்கிய முதலின் ஒரு பங்கும் கடல் கடந்து வந்தது. கருமுத்து தியாகராசச் செட்டியாரின் வாழ்வு இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியதாகும்.

தோட்டத் தொழிலாளரைப் பிணைத்திருந்தது விலங்கு அன்று, கடன். ஊரிலிருந்து புறப்படும்போது பெற்ற முன்பணம், வழிச்செலவு, உடுதுணி, கம்பளி, தோட்டத்தில் அளக்கப்பட்ட அரிசி என ஒவ்வொன்றும் தொழிலாளியின் கணக்கில் பற்றாக எழுதப்பட்டது. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், தோட்டத்தை நிர்வகித்த துரை ஒரு ‘துண்டு’ வழங்க வேண்டியிருந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியின் ஆட்கள் விடுவிக்கப்படுவர் என்று எழுதிய சீட்டே அது. புதிய துரை அத்தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொண்டதும் பழைய கடன் தீர்ந்துவிடவில்லை, புதிய தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறியது. சொல்லாமல் வெளியேறியவனைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் இடமளித்தது. முன்பணமாகக் கைமாறிய ரொக்கத்தின் பின்னே, கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார் தோட்டங்களுக்கும் கங்காணிகளுக்கும் கொடுத்த கடன்களும் இருந்தன.

அந்த நகரத்தார் சமூகத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஆ. தெக்கூரில், 1893ஆம் ஆண்டு பிறந்த தியாகராசர் கொழும்பில் கல்வி கற்று, அங்கே பத்திரிகைத் துறையில் பணியாற்றினார். தம் இனத்தாருக்குப் பழகிய வட்டித்தொழிலின் பாதையில் செல்லாமல், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக அவர் குரல் கொடுத்தது குறிப்பிடத்தக்கது. கடன் கொடுத்தவர்களின் தரப்பில் பிறந்த ஒருவர் கடன்பட்டவர்களின் பக்கம் நின்றார் என்பதே அதன் பொருள்.

அக்காலத்தில் இக்குரல் தனித்து ஒலிக்கவில்லை. சர் பொன்னம்பலம் அருணாசலம், பெரி சுந்தரம் முதலியோர் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை எதிர்த்தனர். இலங்கையிலிருந்து எழுந்த இக்கோரிக்கைகளும் இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட வழிவகுத்தன. 1927 நவம்பரில், காந்தியடிகள் இலங்கைப் பயணத்தின்போது பதுளைக்கும் வந்தார். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது.

தாயகம் திரும்பிய தியாகராசர் மதுரையை நடுவாகக் கொண்டு மீனாட்சி ஆலை உள்ளிட்ட நெசவு, நூற்பு ஆலைகளை வளர்த்து, தென்னிந்தியாவின் முன்னணித் தொழிலதிபர்களுள் ஒருவரானார். 1943இல் மதுரை வங்கியை நிறுவினார். அவ்வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைக்கப்பட்டது. மதுரையில் 1949இல் தியாகராசர் கல்லூரியும், 1957இல் தியாகராசர் பொறியியற் கல்லூரியும் அவரது கொடையால் எழுந்தன. இந்தித் திணிப்பை எதிர்த்தும் தமிழ்க் கல்வியைப் பேணியும் செயல்பட்ட அவரை மக்கள் ‘கலைத்தந்தை’ என்று போற்றினர். 1974இல் அவர் மறைந்தார்.

இப்பணிகளின் இடத்தேர்வைக் கூர்ந்து நோக்க வேண்டும். பஞ்சமும் வேலையின்மையும் மக்களைக் கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலையகத்துக்குத் துரத்திய அதே வட்டாரத்திலேயே ஆலைக் கூலியும் உயர்கல்வியும் உருவாயின. ஊரை விட்டுப் போனால்தான் பிழைப்பு என்ற நிலையை மாற்றக்கூடியவை இவ்விரண்டுமே. எனினும், ஊவாவில் தங்கிவிட்டவர்களை இம்மாற்றம் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக்கையால் பங்கிட்டது.

ஆகவே, தியாகராசரை மதுரையின் ஆலை அதிபராகவும் கல்வி வள்ளலாகவும் மட்டும் எழுதும் வரலாறு பாதியே ஆகும். மலையகத்தின் உரிமைப் போராட்டத்தைப் பிற்காலத் தொழிற்சங்கங்களிலிருந்து மட்டும் தொடங்கும் வரலாறும் அவ்வாறே. கடனால் மனிதரைக் கட்டிவைக்கும் முறைக்கு எதிராக அம்முறையால் ஆதாயம் பெற்ற சமூகத்துக்குள்ளிருந்தே ஓர் இளைஞர் பேசினார் என்ற செய்தி, பதுளையின் வரலாற்றிலும் மதுரையின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது.