நான்காம் ஜெனீவா உடன்படிக்கை

போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட முதல் பன்னாட்டு உடன்படிக்கை இது. 159 பிரிவுகள் கொண்டது. 1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்டது. முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்து அதற்குள் 85 ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஏன் இவ்வளவு தாமதம்? 1859இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் சுவிட்சர்லாந்து வணிகர் ஆன்றி துனாந் கண்டது, கேட்பாரற்றுக் கிடந்த சிப்பாய்களை. அவர் முயற்சியில் பிறந்த 1864 உடன்படிக்கையும் காயம்பட்ட படைவீரர்களைப் பற்றியே பேசியது. அவர்களுக்கு உதவ வருபவர்கள் என்ற அளவில்தான் ஊர்மக்களுக்கு அதில் இடம். 1907 ஹேக் விதிகள், எதிரிப் படையிடம் சிக்கிய ஊர்களில் கொள்ளையைத் தடுத்தன. 1934இல் டோக்கியோவில் கூடிய செஞ்சிலுவை மாநாடு பொதுமக்களுக்காக ஒரு வரைவை முன்வைத்தது. அதை உடன்படிக்கையாக்க 1940இல் நாடுகள் கூடுவதாக இருந்தது. இரண்டாம் உலகப்போர் முந்திக்கொண்டது.

அந்தப் போரின் தழும்பு 34ஆம் பிரிவில் தெரிகிறது. பணயக்கைதிகளைப் பிடிக்கக் கூடாது என்ற ஒரே வாக்கியம்தான் அந்தப் பிரிவு. செர்பியாவில், கெரில்லாக்கள் ஒரு ஜெர்மானியச் சிப்பாயைக் கொன்றால் உள்ளூர்க்காரர்கள் 100 பேரைச் சுடுவது 1941இல் ஜெர்மன் படையின் கணக்கு. இதற்காக நூரம்பர்க்கில் தளபதி வில்ஹெல்ம் லிஸ்ட் தண்டிக்கப்பட்டார். ஆனாலும் அந்த 1948 தீர்ப்பு, கடும் நிபந்தனைகளோடு பணயக்கைதிகளைக் கொல்வது சட்டப்படி செல்லலாம் என்றும் சொல்லிவைத்தது! மறு ஆண்டே அந்தக் கதவை இழுத்துச் சாத்தியது 34ஆம் பிரிவு. கூட்டுத் தண்டனை, கட்டாய வெளியேற்றம் ஆகியவற்றுக்கும் தடை வந்தது. 1949இல் ஒன்றாக ஏற்கப்பட்ட நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் பிரிவு, உள்நாட்டுப் போருக்கும் குறைந்தபட்ச விதிகளை வகுத்தது.

பெரிய ஓட்டை ஒன்று மிஞ்சியது. எதிரியின் கையில் சிக்கியவர்களைக் காத்த அளவுக்கு, வானிலிருந்து விழும் குண்டுக்கு அடியில் இருப்பவர்களை இது காக்கவில்லை. டிரெஸ்டனும் ஹிரோஷிமாவும் கருகி நான்கே ஆண்டுகள். வென்ற நாடுகள் அந்தப் பேச்சை விரும்பாததில் வியப்பில்லை.

இந்த உடன்படிக்கைகளோடு கூடுதலாகச் சேர்ந்த 1977 நெறிமுறைகளே அந்த ஓட்டையை அடைத்தன. படை இலக்கையும் குடிமக்களையும் பிரித்தறிந்தே தாக்க வேண்டும். கிடைக்கும் படைப் பயனுக்கு மிஞ்சிய உயிர்ச்சேதம் நேருமென்று தெரிந்தால் தாக்குதலைக் கைவிட வேண்டும். ஆனால், 1949 உடன்படிக்கைகளை ஏற்ற இந்தியா, இலங்கை, அமெரிக்கா, இஸ்ரேல் ஆகியவை இந்த நெறிமுறைகளில் சேரவில்லை.

மக்களை மிரட்டுவதையே நோக்கமாகக் கொண்ட தாக்குதலையும் அவை தடை செய்கின்றன. பொஸ்னியப் போரில், சரயேவோ நகர முற்றுகையின்போது தெருவில் நடந்தவர்களைக் குறிபார்த்துச் சுடவைத்த பொஸ்னிய செர்பியத் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச்மீது, முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் தீர்ப்பாயம் அந்தத் தடையை வைத்தே குற்றஞ்சாட்டியது. 2003இல் அவருக்குக் கிடைத்தது 20 ஆண்டுகள். 2006இல் மேல்முறையீட்டு அமர்வு அதை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது.