மீண்டும் வரும் மலேரியா

முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா, தீர்ந்தது என்று எண்ணிய பிறகும் திரும்பி வருவதுண்டு. மருந்தை ஒழுங்காக உண்ணவில்லை என்று நோயாளியையோ, மருந்து பயனற்றது என்று மருத்துவரையோ குறை கூறுவது உலக வழக்கம். ஆனால், நோய் எந்த நாட்டில் பற்றியது என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இரு போர்கள் உணர்த்தின.

மலேரியாக் கிருமிகளுள் 'வைவாக்ஸ்' என்னும் இனமே இவ்வாறு திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதில் பேர்போனது. இரண்டாம் உலகப் போரின்போது, நியூகினித் தீவில் போரிட்ட படைவீரர்களை அது வாட்டியது. கொயினா மருந்தால் காய்ச்சல் நின்றாலும், ஏறக்குறைய மூன்று வாரங்களில் மீண்டும் வந்தது. பின்னரும் பலமுறை வந்தது.

1950-இல் மூண்ட கொரியப் போரிலோ கதை வேறு. 1951-இல் தாயகம் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர், மாதக்கணக்கில் நலமாக இருந்து, பிறகே காய்ச்சலில் விழுந்தனர். நெதர்லாந்திலும், இலையுதிர் காலத்தில் கொசுக்கடியால் பற்றிய நோய், அடுத்த ஆண்டின் இளவேனிலில் வெளிப்பட்டதை அறிஞர்கள் முன்பே கண்டிருந்தனர்.

ஒரே இனத்துக்கு ஏன் இந்த வேற்றுமை? குளிர்நாட்டில் கொசு பெருகுவது கோடையில்தான். பனிக்காலத்தில் கிருமி இரத்தத்தில் வெளிப்பட்டால் அதைப் பிறரிடம் கொண்டுசெல்லக் கொசு இல்லை. ஆகவே, காத்திருக்கும் வகையே அங்கு நிலைத்தது. வெப்பநாட்டிலோ ஆண்டு முழுவதும் கொசு உண்டு. நெடுநாள் காத்திருக்கத் தேவையில்லை. இதுவே அறிஞர் கூறும் விளக்கமாகும்.

அது காத்திருக்கும் இடம் கல்லீரல். இரத்தத்தில் புகுமுன் கிருமி அங்கு வளர்வதை ஷார்ட், கார்ன்ஹாம் என்னும் இருவரும் 1948-இல் கண்டறிந்தனர். அங்கு உறங்கிக் கிடக்கும் கிருமியையே 1980-களின் தொடக்கத்தில் குரோடோஸ்கி முதலியோர் எடுத்துக்காட்டினர்.

கொயினா இரத்தத்திலுள்ள கிருமியை அழிக்குமேயன்றி, ஈரலில் உறங்குவதைத் தீண்டாது. அதனை அழிப்பது 'பிரைமகுயின்' என்னும் மருந்து. கொரியாவிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கப்பலிலேயே அது வழங்கப்பட்டது. எனினும், அவர்களுக்குப் போதுமாயிருந்த அளவு நியூகினி வகைக்குப் போதவில்லை. ஏறத்தாழ இருமடங்கு வேண்டியிருந்தது. அளவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் இயலாது. ஒருவகைப் பிறவிக் குறைபாடு உடையோரின் செவ்வணுக்களை அம்மருந்து சிதைத்துவிடும் என்பது 1956-இல் தெளிவாயிற்று.

ஆகவே, வெளிநாடு சென்று வந்தவர்க்குப் பல மாதம் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தாலும், தாம் தங்கிய நாட்டின் பெயரை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். தக்க மருந்தும் அளவும் அதைக்கொண்டே அமையும்.