விஜிஏ-வுக்கு விடைகொடுத்த கதை

1987-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ, படக்குழாய்த் திரைக்கான அனலாக் இணைப்பு ஆகும். தட்டைத் திரைகள் வந்தபின் சிக்கல் எழுந்தது. கணினியின் டிஜிட்டல் படம் கேபிளுக்காக அனலாக்காகி, திரைக்குள் மீண்டும் டிஜிட்டலானது. இந்த இரட்டை மாற்றத்தில் எழுத்துகளின் கூர்மை குறைந்தது. இதைத் தவிர்க்கவே 1999-ல் டிவிஐ வந்தது. தொடர்ந்து 2002-ல் எச்டிஎம்ஐ, 2006-ல் டிஸ்ப்ளேபோர்ட் வந்தன.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பென்னலூர் அமைந்துள்ள ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் டெல், சாம்சங் ஆலைகள் 2007-ல் உற்பத்தியைத் தொடங்கின. 2010 டிசம்பரில் இன்டெலும் ஏஎம்டியும் 2015-க்குள் விஜிஏ-வைக் கைவிடுவதாக அறிவித்தபோது, இந்த இரு நிறுவனங்களும் உடன் நின்றன.

ஆனால் பழைய திரைகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள கணினியை விஜிஏ திரையுடன் இணைக்க வெறும் கேபிள் போதாது. சிப் கொண்ட கன்வெர்ட்டர் வேண்டும். தொழில்நுட்பம் மாறும்போது அந்தச் செலவு பழைய திரை வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது.