ஒரு கறுப்புக் கறையின் கதை

மலர்க் குழுத் தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு "அரிய மரபு நோய்கள் – அண்மைக்கால ஆராய்ச்சிகள்". இந்தத் தலைப்பில் முறையாக எழுத உட்கார்ந்தால் மலர் முழுவதும் எனக்கே போதாது. அரிய நோய்கள் என்று பட்டியலில் உள்ளவை ஆயிரக்கணக்கில். அவற்றில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை. ஆகவே ஒரே ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உயிர்வேதியியல் பாடம் நடத்திய காலத்தில் ஆண்டுதோறும் அரை மணி நேரத்தில் நான் சொல்லி முடித்த நோய்தான் இது. ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் அதற்குள் இத்தனை பெரிய சரித்திரம் இருப்பது தெரிந்தது. இந்தக் கதை லண்டனில் ஒரு குழந்தையின் துணியில் விழுந்த கறையில் தொடங்கி, பூஞ்சைக் காளான், களைக்கொல்லி என்று சுற்றிவிட்டு நம் தமிழ்நாட்டுக்கும் வருகிறது.

நோயின் பெயர் அல்காப்டோன்யூரியா. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் விஷயம் எளிது. வாழைக்காயை நறுக்கிக் காற்றில் வைத்தால் கறுத்துவிடும் அல்லவா? அதனால்தான் நம் வீட்டில் நறுக்கியதும் தண்ணீரிலோ மோரிலோ போடுவார்கள். இந்த நோய் உள்ளவர்களின் சிறுநீரும் அப்படித்தான். போகும்போது சாதாரணமாக இருக்கும், காற்றுப்பட வைத்திருந்தால் கறுக்கும். சோப்போ சோடாவோ போன்ற காரம் பட்டால் இன்னும் வேகமாகக் கறுக்கும். குழந்தையின் துணியைத் துவைக்கத் துவைக்கக் கறை அதிகமாகும் விநோதத்துக்கு இதுவே காரணம். 1584-லேயே, ஆரோக்கியமாக இருந்தும் கறுப்பாகச் சிறுநீர் கழித்த ஒரு பள்ளிச் சிறுவனைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1859-இல் போடெக்கர் என்ற ஜெர்மானியர் அந்தப் பொருளைப் பிரித்து "அல்காப்டன்" என்று பெயரிட்டார். 1891-இல் வோல்கோவ், பௌமன் இருவரும் அது ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று நிறுவினார்கள். இதற்கு நடுவே 1866-இல் விர்க்கோ, 67 வயதில் இறந்த ஒருவரின் குருத்தெலும்புகள் கன்னங்கரேலென்று இருந்ததை எழுதிவைத்தார். சிறுநீரில் கறுப்பும் மூட்டில் கறுப்பும் ஒரே சமாசாரம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பழைய மாணவர்களுக்கு ஒரு கேள்வி. பெனடிக்ட் சோதனை நினைவிருக்கிறதா? நீல நிறக் கரைசலைக் கொதிக்கவைத்து, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அதுதான். இந்த அமிலமும் அந்தக் கரைசலை ஒடுக்கும். அதனால் அக்காலத்தில் ஆயுள் காப்பீட்டுக்குப் போன சிலரை "உமக்கு நீரிழிவு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பாவம், சர்க்கரையே இல்லாத சர்க்கரை நோயாளிகள்!

இனி நம் கதாநாயகர். ஆர்ச்சிபால்ட் காரட், 1857-இல் லண்டனில் பிறந்தவர். கீல்வாத நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டிய ஆல்ஃபிரட் காரட்டின் மகன். அப்பாவைப் போலவே வேதியியல் பைத்தியம் பிடித்த டாக்டர். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலும் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். குடலில் இருக்கும் ஏதோ கிருமியின் வேலைதான் இந்தக் கறுப்பு என்பது அப்போதைய எண்ணம். காரட்டுக்கு அதில் திருப்தி இல்லை.

ஏற்கனவே இந்தக் குறை உள்ள பிள்ளை இருந்த ஒரு வீட்டில் 1901-இல் அடுத்த குழந்தை பிறக்க இருந்தது. பிறந்த நேரத்திலிருந்து துணிகளை ஒவ்வொன்றாகக் கவனிக்க ஏற்பாடு செய்தார் காரட். மூன்றாம் நாளே கறை தெரிந்தது. கிருமி தொற்றி, பெருகி, வேலையைத் தொடங்க அவகாசம் ஏது? பிறவியிலேயே வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் அவர் பார்த்தார். இந்தக் குறை இருந்தால் முழுசாக இருக்கிறது, இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை. நடுத்தரம் என்பதே கிடையாது. அதோடு, பெற்றோரைப் பற்றி விசாரித்தால் பல வீடுகளில் கணவனும் மனைவியும் நெருங்கிய சொந்தம். பெற்றோருக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் இருக்கிறது.

மெண்டலின் பட்டாணிச் செடிக் கட்டுரை முப்பத்து நான்கு வருஷம் தூங்கிக் கிடந்து 1900-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. கேம்பிரிட்ஜில் அதற்குக் கொடி பிடித்தவர் வில்லியம் பேட்சன். காரட் சொன்ன விவரத்தைக் கேட்டதும் அவர், "இது மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்பாயிற்றே" என்ற பொருளில் விளக்கம் தந்தார். 1902 டிசம்பரில் லான்செட் இதழில் காரட்டின் கட்டுரை வந்தது. மனிதனிடம் ஒரு நோய்க்குறை மெண்டல் விதிப்படி இறங்குகிறது என்று காட்டிய முதல் கட்டுரை அதுதான்.

ஆனால் என்னைக் கேட்டால் காரட்டின் பெருமை மெண்டல் கணக்கில் இல்லை. உணவில் இருக்கும் டைரோசின் உடலுக்குள் படிப்படியாக உடைகிறது; அந்தப் படிகளில் ஒன்று இவர்களுக்கு இல்லை; அதனால் அந்த இடத்தில் பொருள் தேங்கி வெளியே வழிகிறது என்றார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். 1908-இல் நிகழ்த்திய குரூனியன் சொற்பொழிவுகளில் அல்காப்டோன்யூரியாவோடு வெண்தோல் நோய் எனப்படும் ஆல்பினிசம், சிஸ்டினூரியா, பென்டோசூரியா மூன்றையும் சேர்த்து "வளர்சிதை மாற்றத்தின் பிறவிப் பிழைகள்" என்று பெயர் கொடுத்தார். மருத்துவ உலகம் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துபோனது. 1941-இல் பீடிலும் டேட்டமும் ரொட்டிப் பூஞ்சையை வைத்து "ஒரு ஜீன், ஒரு நொதி" என்பதைக் காட்டினார்கள். 1958-இல் நோபல் பரிசு வாங்கியபோது, காரட் அவ்வளவு காலத்துக்கு முன்பே இதைக் கண்டுவிட்டார் என்று பீடில் தம் உரையிலேயே ஒப்புக்கொண்டார். அதைக் கேட்கக் காரட் இல்லை, 1936-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப்போர் கொண்டுபோனது, மூன்றாமவரை 1919-இல் இன்ஃப்ளூயன்சா கொண்டுபோனது. எஞ்சிய மகள் டாரதி தொல்லியல் படித்து, கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். மகன்களை இழந்த அந்த மனிதர்தான் 1928-இல் "அரிய நோய்கள் தரும் பாடங்கள்" என்ற தலைப்பில் பேசினார்.

காரட் ஊகித்த அந்த "இல்லாத படி"யை 1958-இல் லா டூ குழுவினர் ஒரு நோயாளியின் கல்லீரலில் நேராகவே காட்டினார்கள். ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் நொதி அங்கே இல்லை. சரி, அந்த நொதிக்கு உரிய ஜீன் எங்கே? இதற்கு விடை சொன்னது ஒரு பூஞ்சை. மாட்ரிட் நகரில் பெனால்வா, ஃபெர்னாண்டஸ்-கான்யோன் ஆகியோர் ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சை ஃபினைல்அலனினை எப்படித் தின்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஜீனை நீக்கியதும் பூஞ்சையில் அதே அமிலம் தேங்கியது! அந்தப் பூஞ்சை ஜீனின் சாயலை மனித ஜீன்களுக்குள் தேடி, மூன்றாம் குரோமோசோமில் பிடித்தார்கள். ஆண்டு 1996. பூஞ்சைக்கும் நமக்கும் அந்த அளவுக்குச் சொந்தம்.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த நோய் நெடுங்காலம் ஒரு வேடிக்கைப் பொருளாகவே கருதப்பட்டது. இளமையில் வலி கிடையாது, உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனால் முப்பது வயதுக்கு மேல் கதை மாறுகிறது. தேங்கிய அமிலம் கறுப்பு நிறமியாகிக் குருத்தெலும்பில் படிகிறது. குருத்தெலும்பு விறைத்து, நொறுங்கத் தொடங்குகிறது. முதுகுத் தண்டு, முழங்கால், இடுப்பு, தோள் என்று வரிசையாகப் போகும். ஐம்பது, அறுபது வயதுக்குள் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளும் நிலை பலருக்கு. கண்ணின் வெள்ளையிலும் காது மடலிலும் கறுப்போ நீலமோ தெரியும்.

மருந்து வந்த வழியைக் கேளுங்கள். நம் பூங்காக்களில் சிவப்பாகப் பூக்குமே பாட்டில்பிரஷ், அதன் அடியில் களை அதிகம் முளைப்பதில்லை என்று 1977-இல் கலிஃபோர்னியாவில் ஒரு ரசாயன நிறுவன ஆராய்ச்சியாளர் கவனித்தார். அந்தச் செடியின் ரசாயனத்தைப் பார்த்துப் புதிய களைக்கொல்லிகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்று நிடிசினோன். பரிசோதனையில் எலிகளின் கண் பாதிக்கப்பட்டது; ஆராய்ந்தால், ரத்தத்தில் டைரோசின் ஏறியிருக்கிறது. அதாவது அந்தப் பொருள் டைரோசின் உடையும் பாதையில் இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. டைரோசினீமியா என்ற நோயில் இதே பாதையின் கடைசிப் படி இல்லாமல் விஷப் பொருள்கள் சேர்ந்து குழந்தைகளின் கல்லீரல் கெட்டுப்போகும். மேலேயே மடையை அடைத்துவிட்டால் கீழே விஷம் சேராதே என்று துணிந்தார் ஸ்வீடனின் லிண்ட்ஸ்டெட். ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார். களைக்கொல்லியாகத் தேடிய பொருள் குழந்தைகளைப் பிழைக்கவைத்தது.

அல்காப்டோன்யூரியாவுக்கும் இதே கணக்கு பொருந்தும். மேல் படியை அடைத்தால் ஹோமோஜென்டிசிக் அமிலமே உண்டாகாது. ஆனால் நோயாளிகள் சொற்பம், நோயோ மெதுவாக முற்றுவது. பலனை எதை வைத்து அளப்பது? அமெரிக்காவில் 40 பேரிடம் மூன்று வருஷம் இடுப்பு மூட்டின் சுழற்சியை அளந்தார்கள். 2011-இல் வந்த முடிவு எதையும் நிரூபிக்கவில்லை. அங்கேயே மூடியிருக்க வேண்டிய கதையை இங்கிலாந்தில் ஒரு நோயாளிகள் சங்கமும், லிவர்பூல் மருத்துவமனையில் பேராசிரியர் ரங்கநாத்தும் தொடர்ந்து நடத்தினார்கள். லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பியெஷ்டானி என மூன்று ஊர்களில் 138 பேர், நான்கு வருஷம். ஸ்லோவாக்கியா ஏன் என்றால், உலகில் பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து நாலு பேர் வரை என்று கணக்கிடப்படும் இந்த நோய் அங்கே ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தினம் 10 மில்லிகிராம் நிடிசினோன் எடுத்தவர்களின் சிறுநீரில் அந்த அமிலம் 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. நோய் முற்றும் வேகமும் தணிந்தது. 2020-இல் ஐரோப்பா இதை வயது வந்தோருக்கு அனுமதித்தது, 2025-இல் அமெரிக்காவும் அனுமதித்தது. காரட்டின் கட்டுரைக்கும் ஐரோப்பிய அனுமதிக்கும் இடையில் 118 வருஷம்.

இப்போது நம் ஊர். ஆங்கிலத்தில் மாமன் மகள், சித்தப்பா மகன் எல்லாருக்கும் "கசின்" என்று ஒரே வார்த்தை. நமக்கு அப்படியில்லை, கட்டிக்கொள்ளும் முறை வேறு, கட்டக் கூடாத முறை வேறு. ஆனால் ஜீனுக்கு முறை தெரியாது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன்கள் பொது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. சொந்தத்தில் கட்டினால் நோய் வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே பிழையை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அப்படிச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குக் கவலையில்லை" என்பது தப்புக் கணக்கு. மாணவர்கள் தேர்வில் எழுதியதையும் கேட்டிருக்கிறேன், பெரியவர்கள் திண்ணையில் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

2014-இல் வெளியான ஓர் ஆய்வு தமிழ்நாட்டில் ஒரு பகுதியில் குடியமர்ந்த நரிக்குறவர் மக்களைப் பற்றியது. பரிசோதித்த 41 பேரில் 16 பேருக்கு இந்த நோய் இருந்தது. 11 பேரிடம் ஜீனின் இரண்டு பிரதிகளிலும் ஒரே எழுத்துப் பிழை. ஐந்து பேரிடம் ஒரு பிரதியில் அதே பிழை. மற்றொரு பிரதியின் பிழை அகப்படவில்லை. ஸ்லோவாக்கியாவில் பத்து விதப் பிழைகள் கண்டார்கள். இங்கேயோ எங்கோ ஒரு மூதாதையிடம் நேர்ந்த ஒரே பிழை, உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததில் இத்தனை பேரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சிறிய ஆய்வு, ஒரே பகுதி. அந்த மக்கள் எல்லாருக்கும் இந்த விகிதத்தைப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் உலகில் அரிது என்று நாம் பாடம் நடத்தும் நோய் நம் பேருந்து நிலையத்தில் ஊசிமணி, பாசிமணி விற்கும் குடும்பத்துக்கு அரிதாக இல்லாமல் இருக்கலாம். நடந்தும் தலைச்சுமை சுமந்தும் பிழைப்பவருக்கு நாற்பது வயதில் முதுகும் முழங்காலும் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்தை எந்த வயதில் தொடங்குவது என்பதுதான் இப்போது எஞ்சி நிற்கும் பெரிய கேள்வி. எலிகளில் பிறந்ததிலிருந்தே கொடுத்தபோது குருத்தெலும்பு கறுக்கவே இல்லை. மனிதருக்கோ அனுமதி வயது வந்தபின்தான். மருந்தால் டைரோசின் ஏறிச் சிலருக்குக் கண்ணில் உறுத்தலும் புண்ணும் வருகின்றன. புரதத்தை அளந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. வளரும் பிள்ளையிடம் பருப்பையும் முட்டையையும் குறை என்று எப்படிச் சொல்வது? ஆனால் கறுப்பு படிந்த பிறகு கொடுத்தால் படிந்தது அப்படியே போய்விடப்போவதில்லை.

மருந்தும் ஜீன் பரிசோதனையும் ஒருபுறம் இருக்கட்டும். நோயைச் சந்தேகிக்க அவை எதுவும் வேண்டாம். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு சோதனைக்குழாய், கொஞ்சம் சிறுநீர், சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு போதும். கறுத்தால் மேற்கொண்டு அமிலத்தின் அளவை அளக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஹைட்ராக்சைடும் இல்லையென்றால் குழாயை மூடாமல் மறுநாள் காலை வரை வைத்துவிட்டுப் பாருங்கள்.