செவெரசு குடும்பத்தின் வெள்ளிக்காசுகள்

உரோமப் பேரரசின் நாணயங்களைச் சேர்க்கப் புகும் ஒருவர் விரைவிலேயே திகைத்து நிற்பார். அகத்தசு காலந்தொட்டு மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்த கி. பி. 476 வரை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள், எண்ணிறந்த பேரரசர், அவர்க்கு எதிராக எழுந்து அரசுரிமை கோரியோர் வேறு, பொன், வெள்ளி, செம்பு எனப் பலவகை உலோகங்கள். இவையனைத்தையும் திரட்டி முடிப்பதற்கு ஒருவருடைய ஆயுளும் போதாது, செல்வமும் போதாது. ஆகவே, அனுபவமுடையோர் தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொள்வர். சிலர் ஒரு பேரரசரோடு அமைவர். சிலர் ஒரு நாணயசாலையோடு அமைவர். இன்னுஞ் சிலர் ஓர் அரச குடும்பத்தைத் தெரிந்தெடுத்து, அக்குடும்பத்தினர் ஒவ்வொருவருடைய முகத்தையும் தாங்கிய வெள்ளிக்காசுகளை மட்டும் தேடுவர். இம்மூன்றாவது வழியே சிறந்ததென எனக்குத் தோன்றுகின்றது. அதற்கு உகந்த குடும்பம் யாதெனின், இடையே ஓராண்டு நீங்கலாகக் கி. பி. 193 முதல் 235 வரை உரோமை ஆண்ட செவெரசு குடும்பமே என்பேன்.

முதற் காரணம் மிக எளியது. இக்குடும்பத்தின் வெள்ளிக்காசுகள் ஏராளமாக உள்ளன. நடுத்தர வருவாய் உடையவரும் சிலவற்றையேனும் வாங்கலாம். தெனாரியசு எனப்படும் இக்காசு மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட நிறையும், ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் குறுக்களவும் உடையது. பல்கேரியாவில் பண்டை மார்சியானோப்பொலிசு நகர் இருந்த இரேக்கா தெவ்னியா என்னுமிடத்தில் 1929ஆம் ஆண்டில் ஒரு பெரும் புதையல் வெளிப்பட்டது. சிதறிப்போனவை போக, அறிஞர் எண்ணிப் பதிந்த காசுகள் மட்டும் 81,000க்கு மேற்பட்டன. அவற்றிடையே செவெரசு குடும்பத்தினரின் முகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1933இல் இசுக்கொத்துலாந்தின் போல்கேக் நகரிற் கிடைத்த பானையொன்றில் 1,900க்கு மேற்பட்ட தெனாரியசுகள் இருந்தன. அவற்றுட் பிந்தியவை இக்குடும்பத்தின் கடைசிப் பேரரசனுடையவை. இவ்வாறு பேரரசின் இரு கோடிகளிலும் மண்ணுள் மறைந்திருந்தமையாலேயே இக்காசுகள் இன்று நம் கைக்கு எட்டுகின்றன.

இரண்டாவது காரணம் சற்று ஆழமானது. இக்குடும்பத்துள் ஒருவனுடைய முகத்தையும் பெயரையும் உலகிலிருந்தே துடைத்துவிட அவனுடைய தமையன் முயன்றான். கல்லில் அம்முயற்சி பெரிதும் நிறைவேறியது. காசில் அது தோற்றது. இதனை விளங்கிக்கொள்வதற்குக் குடும்பத்தின் தொடக்கத்திலிருந்து வருதல் வேண்டும்.

கி. பி. 193ஆம் ஆண்டில் பேரரசன் பேர்த்தினாட்சு கொல்லப்பட்டான். மெய்காவற்படையினர் அரியணையை ஏலத்தில் விட்டனர். தீதியசு யூலியானசு என்ற செல்வன் அதனை வாங்கினான். இதனைக் கேள்வியுற்ற தன்யூபு எல்லைப் படைகள் தம் தலைவனான செத்திமியசு செவெரசைப் பேரரசனென அறிவித்தன. இவன் ஆபிரிக்காவின் வடகரையில், இன்றைய இலிபியாவிலுள்ள இலெத்திசு மக்னா நகரிற் பிறந்தவன். உரோமை நோக்கிப் படை நடத்தி யூன் மாதத்தில் நகரைக் கைக்கொண்டான். அவ்வாண்டிலே அவன் வெளியிட்ட தெனாரியசுகள் சிலவற்றின் பின்புறத்தில் படைக்கொடிகளும், அவனை ஆதரித்த படையணிகளின் எண்ணும் பெயரும் காணப்படுகின்றன. தன்னை ஏற்றிவைத்தவர் எவர் என்பதை அவன் மறைக்கவில்லை. அந்த ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு இக்குடும்பத்தின் வரலாற்றைத் தொடங்கலாம். படைவீரரிடம் பெற்ற அரசு படைவீரராலேயே முடிந்தது.

செவெரசின் மனைவி யூலியா தொம்னா. இவள் சிரியாவின் எமெசா நகரில், அதாவது இன்றைய ஓம்சு நகரில், சூரியதேவனுக்குப் பூசை செய்த குருமாரின் குலத்தில் வந்தவள். இவளுடைய காசுகள் சேர்ப்போருக்கு நல்ல தொடக்கம். அலையலையாக வாரிப் பின்னே முடிந்த கூந்தலால் எக்காசிலும் இவளை அடையாளங் காணலாம். காலத்தைக் கணிப்பதும் எளிது. முகத்தைச் சூழ்ந்து யூலியா தொம்னா எனப் பெயர் முழுமையாக வந்தால் ஆட்சியின் முதற் சில ஆண்டுகள். யூலியா அகத்தா என்று வந்தால் கணவன் வாழ்ந்த பிற்காலம். பியா பெலிக்சு என்னும் அடைமொழிகள் சேர்ந்தால் கணவன் இறந்தபின் மகன் ஆண்ட காலம். பாசறைகளின் தாய் என்ற பட்டமும் இவளுக்குச் சூட்டப்பட்டது.

மைந்தர் இருவர். மூத்தவனை வரலாறு கரகல்லா என்கின்றது, இளையவன் கேற்றா. இங்கே புதிதாகச் சேர்ப்போர் இடறுவதுண்டு. கரகல்லா என்ற பெயரை எக்காசிலும் காண முடியாது. அது அவன் விரும்பி அணிந்த நீண்ட மேலாடையின் பெயர். மக்கள் இட்ட பட்டப்பெயர். பாசியானசு என்ற பிள்ளைப் பெயரையும் தந்தை மாற்றிவிட்டான். மாண்டுபோன மார்க்கசு ஒரேலியசுப் பேரரசனுக்குத் தன்னைத் தானே புதல்வனாக்கிக்கொண்ட செவெரசு, தன் மகனுக்கும் அந்தோனினசு என்ற புகழ்பெற்ற பெயரைச் சூட்டினான். ஆகவே காசில் அவன் அந்தோனினசு. சில ஆண்டுகளின்பின் வந்த எலகபாலசும் காசில் அந்தோனினசே! இருவர் காசுகளையும் பிரித்தறிதல் ஒரு சிறு கலை. 213இன் பின் வந்த காசுகளிற் கெர்மானியரை வென்றவன் என்னும் பட்டம் இருந்தால் அது கரகல்லா; முகம் இளமையாய், பின்புற வெளியில் ஒரு விண்மீன் இருந்தால் பெரும்பாலும் எலகபாலசு.

கரகல்லா பிறந்தது 188 ஏப்பிரிலில்; கேற்றா பிறந்தது 189 மார்ச்சில். ஓராண்டுகூட இடைவெளி இல்லை. ஆனால் மூத்தவன் 198இல், பத்து வயது நிரம்புமுன்னரே, தந்தையோடு சமமான அகத்தசுப் பட்டம் பெற்றான். இளையவனுக்கோ சீசர் என்ற இளவரசுப் பட்டம் மட்டுமே. அவன் அகத்தசு ஆகியது 209இல். இப்பதினோராண்டு வேறுபாட்டை நூல்களிற் படிப்பதிலும் காசிற் காண்பது எளிது. இருவருடைய காசுகளையும் ஆண்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். இருபுறமும் உருண்டை முகச் சிறுவர்கள், பின்னர் மெலிந்த இளைஞர்கள், பின்னர் தாடி. முகங்கள் ஒன்றையொன்று ஒத்தே வளர்கின்றன. ஆனால் 198இலிருந்து அண்ணன் தலையில் வாகைமாலை இருக்கும். தம்பியின் தலை வெறுந்தலையாகவே இருக்கும். 209இன் பின்னரே கேற்றாவின் தலையிலும் மாலை ஏறுகின்றது. தந்தையின் சாயலில் தாடியும் அடர்கின்றது. மாலையணிந்த கேற்றாவின் காசுகள் இரண்டே ஆண்டுக் காலத்தவை. அவை வெறுந்தலைக் காசுகளிலும் குறைவாகவே அகப்படும்.

இதற்கிடையே வேறொரு முகம் தோன்றி மறைகின்றது. 202இல் கரகல்லாவுக்குப் பிளோற்றில்லா என்பவளை மணமுடித்தனர். மெய்காவற்படைத் தலைவனாய் அளவிலா அதிகாரம் பெற்றிருந்த பிளோத்தியானசின் மகள் அவள். அவளுடைய காசுகளின் பின்புறத்தில் மணமக்கள் கைகோத்து நிற்கின்றனர். சூழவுள்ள எழுத்து பேரரசின் வழித்தோன்றலை வாழ்த்துகின்றது. மற்றொன்று முடிவிலா ஒற்றுமையைப் போற்றுகின்றது. உண்மையில் அவன் அவளை வெறுத்தான். 205இல் மாமன் கொல்லப்பட்டான். அவள் தீவொன்றுக்குக் கடத்தப்பட்டாள். செவெரசு இறந்தபின் அவளும் கொல்லப்பட்டாள். அரசாங்கக் காசின் எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குடும்பத்தில் எது இல்லையோ அதனையே காசு உரக்கக் கூறுகின்றது.

211 பெப்புருவரி 4ஆம் நாள், பிரித்தானியாவின் யோக் நகரிற் செவெரசு இறந்தான். பிள்ளைகள் ஒற்றுமையாயிருத்தல் வேண்டும், படைவீரரைச் செல்வராக்குதல் வேண்டும், ஏனையோரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதே அவனுடைய இறுதி உரையின் சாரம் என அக்காலத்து மூதவை உறுப்பினரான காசியசு தியோ எழுதியுள்ளார். பிள்ளைகள் இரண்டாவதை மட்டும் கேட்டனர். இருவரும் அரண்மனையையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு, தனித்தனிக் காவலோடு வாழ்ந்தனர். அவ்வாண்டு திசெம்பரிலே, சமாதானம் பேசுவோம் எனத் தாயின் அறைக்கு அழைத்து, அங்கே தம்பியைக் கரகல்லா கொல்வித்தான். தாயின் மடியிலே உயிர் பிரிந்தது. அவள் அழுவதற்கும் அனுமதி இருக்கவில்லை. கேற்றாவின் பக்கத்தவரென ஏறக்குறைய 20,000 பேர் கொல்லப்பட்டனர் என்றும் தியோ கூறுகிறார்.

பின்பு கல்லின்மேற் போர் தொடுக்கப்பட்டது. உரோமின் மன்றத்தில் 203இல் எழுப்பிய செவெரசின் வெற்றி வளைவு இன்றும் நிற்கின்றது. அதன் எழுத்துகளிற் கேற்றாவின் பெயர் இருந்த வரியை அகற்றி வேறு புகழ்மொழிகளைப் பொருத்தினர். முன்னைய வெண்கல எழுத்துகளைத் தாங்கிய துளைகள் மட்டும் எஞ்சின. 204இற் காசு மாற்றும் வணிகரும் மாட்டு வணிகரும் எடுத்த சிறிய வளைவில், கேற்றாவும் பிளோற்றில்லாவும் நின்ற இடங்கள் வெறுமையாய் உள்ளன. பேர்லின் நூதனசாலையில் மரப்பலகையில் தீட்டிய குடும்ப ஓவியமொன்று உண்டு. தந்தை, தாய், மகன் மூவரும் நம்மை நோக்குகின்றனர்; நான்காவது முகம் இருந்த இடத்தில் வண்ணம் முற்றாகச் சுரண்டப்பட்டுள்ளது.

காசையும் கரகல்லா விட்டுவைக்கவில்லை. கேற்றாவின் உருவந் தாங்கிய நாணயங்களை உருக்கச் செய்தான் என்பது தியோவின் கூற்று. சின்னாசியாவில் ஊராட்சிகள் வெளியிட்ட பெரிய செப்புக்காசுகள் சிலவற்றில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் காட்சி இருந்தது. இசுத்திராத்தோனிக்கேயா போன்ற நகரங்களில் அவற்றின் தம்பி முகத்தை உளியாற் செதுக்கிவிட்டுக் காசைத் தொடர்ந்து வழங்கினர். அச்சம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அச்சிறு வடு காட்டுகின்றது. ஆனால் வெள்ளிக்காசை என் செய்வது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அடித்து வெளியிட்டவை பிரித்தானியாவிலிருந்து சிரியா வரை வீரரின் முடிச்சுகளிலும், வணிகர் பெட்டிகளிலும், மண்ணுள் புதைத்த பானைகளிலும் கலந்துவிட்டன. அவற்றைத் திரும்ப வாங்குவதாயின் ஈடாக வேறு வெள்ளி கொடுத்தல் வேண்டும். வெள்ளி வைத்திருப்பவன் அதில் யார் முகம் உள்ளது என்று பார்த்து எறிந்துவிடுவானா? இன்று கிடைக்கும் புதையல்களிற் கேற்றாவின் காசுகள் தாராளமாகவே உள்ளன. எல்லாப் பேரரசரிலும் அதிகாரம் மிகுந்த ஒருவனுடைய ஆணை, சாதாரண மனிதரின் பணப்பைக்குள் நுழைய இயலவில்லை.

அந்த வெள்ளியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். அகத்தசு காலத்துத் தெனாரியசு ஏறக்குறையத் தூய வெள்ளி. கி. பி. 64இல் நீரோ நிறையையும் மாற்றையும் குறைத்தான். பின்வந்தோரும் மெல்லக் குறைத்தனர். செவெரசோ, படைவீரர் சம்பளத்தை உயர்த்துவதற்காக, 194-195 அளவில் வெள்ளியை ஏறக்குறையப் பாதியாக்கினான், மீதி செம்பு. கரகல்லா சம்பளத்தை மேலும் கூட்டி, 215இல் ஒரு புதிய பெருங்காசை வெளியிட்டான். பேரரசன் தலையில் கதிர்முடியும், அரசியின் தோளின்கீழ்ப் பிறையும் அதன் அடையாளம். அதற்கு இரண்டு தெனாரியசுப் பெறுமதி என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. ஆனால் அதிலிருந்த வெள்ளி ஒன்றரைக் காசின் அளவே.

நம் பக்கத்து நேயர்கள், இக்காசுகள் இங்கும் கிடைக்குமா என்று வினவக்கூடும். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கோயம்புத்தூர்ப் பகுதியில், கிடைத்த உரோம வெள்ளிப் புதையல்களிற் பெரும்பாலானவை அகத்தசும் திபேரியசும் வெளியிட்டவை. மாற்றுக் குறைந்த காசை நம் வணிகர் விரும்பவில்லை என்பது பலர் தரும் விளக்கம். அது பொருத்தமாகவே படுகின்றது. இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பன நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக்காசுகள். ஆகவே செவெரசு குடும்பத்தைத் தேடுவோர் ஐரோப்பிய விற்பனைப் பட்டியல்களையே நாடவேண்டும்.

அங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று போலி. செவெரசின் காலத்திலேயே களிமண் அச்சுகளில் வார்த்த கள்ளக் காசுகள் மலிந்திருந்தன. அத்தகைய அச்சுகள் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் கிடைத்துள்ளன. அக்காலப் போலி ஒரு வரலாற்றுப் பொருள். பிற்காலப் போலி வெறும் ஏமாற்று. செருமானியனான பெக்கர், 1830இல் இறந்தவன், தான் அடித்த புதுக்காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டுத் தன் வண்டியின் அச்சில் பொருத்தி ஓட்டித் தேய்வு உண்டாக்கினானாம்! மற்றையது பிறப்பிடம். துருக்கி முதலிய நாடுகளில் நிலத்தினின்றும் வெளிப்படும் பழங்காசு அரசுக்குரியது. எங்கே, எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பின்றித் தோண்டி விற்ற காசு அழகாயிருக்கலாம். ஆனால் இரேக்கா தெவ்னியாப் புதையல் நமக்குக் கூறியவற்றுள் ஒன்றையும் அது கூறாது. பழைய சேகரிப்பொன்றிலிருந்து வந்ததெனச் சான்றுள்ள காசுக்குச் சற்று அதிகம் கொடுப்பதே முறை.

இனி எஞ்சியோர். 217 ஏப்பிரிலிற் கரகல்லா காரே நகருக்கு அண்மையிற் கொல்லப்பட்டான். அதே ஆண்டில் தொம்னா அந்தியோக்கியாவில் உயிர்நீத்தாள். மக்கிரினசு என்ற படைத் தலைவன் ஓராண்டு ஆண்டான். தொம்னாவின் தமக்கை யூலியா மேசா தன் பேரனைக் கரகல்லாவின் மகனெனச் சொல்லி அரியணை ஏற்றினாள். இவனே எலகபாலசு. எமெசாவின் கருங்கல்லை நாற்குதிரைத் தேரில் வைத்து உரோமுக்குக் கொண்டுசெல்லும் காட்சி இவனுடைய காசொன்றில் உண்டு. சேர்ப்போர் பெரிதும் விரும்புவது அது. இவனுடைய மனைவியருள் யூலியா பௌலாவின் காசு எளிதிற் கிடைக்கும். அன்னியா போத்தினாவின் காசோ நூதனசாலைகளிலும் அரிது. 222இல் இவனும் தாய் சோயேமியாவும் ஒன்றாகக் கொல்லப்பட, மேசாவின் மற்றைய பேரன் செவெரசு அலெக்சாந்தர் பதின்மூன்று வயதிற் பேரரசனானான். அவனுடைய காசுகளும் அவன் தாய் மமேயாவின் காசுகளும் எப்பட்டியலிலும் மலிவாகக் காணப்படும். 235இல், இரைன் ஆற்றங்கரையில் மயின்சு நகருக்கு அருகே, தம் படைவீரராலேயே தாயும் மகனும் கொல்லப்பட்டனர்.