இடைவெளியே அரண்: விழும் விண்கலமும் சிவகாசியின் நில அமைப்பும்

ஆர்தர் சி. கிளார்க்கின் 'ரெண்டெவூ வித் ராமா' (1973) நாவல், 2077இல் வட இத்தாலியின்மீது விண்கல் விழுவதோடு தொடங்குகிறது. பதுவாவும் வெரோனாவும் அழிகின்றன. வெனிஸ் கடலுக்குள் போகிறது. நாவலுக்குள் மனிதர் கற்றுக்கொள்ளும் பாடம் முன்னறிவிப்பு. அசிமோவின் கதைகளில் வரும் டிராண்டர் இதற்கு மறுகோடி: உலோகக் கூரையின்கீழ் கோள் முழுவதும் ஒரே நகரம், 4000 கோடிப் பேர். உடைந்த விண்கலம் தலைமேல் விழுந்தால் நகரம் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்விக்குக் கண்காணிப்பைவிடவும் கூரையைவிடவும் நல்ல விடை ஒன்று விருதுநகர் மாவட்டக் கரிசலில் கட்டப்பட்டு நிற்கிறது என்பது என் வாதம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருப்பதில்லை. பொட்டலில் தள்ளித்தள்ளி நிற்கும் சிற்றறைகள்தாம் ஆலை. மருந்து கலப்பது ஓரிடம், செலுத்துவது வேறிடம், காயவைப்பது இன்னோரிடம். மேகசின் எனப்படும் வெடிபொருள் கிடங்கு எல்லாவற்றுக்கும் அப்பால். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதற்கும் வரம்பு உண்டு. வெடிபொருள் விதிகள் (2008) இந்த அமைப்பைச் சட்டமாக்கியிருக்கின்றன. ஓர் அறை என்றேனும் போகும் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த அறையைக் காக்கும் கட்டுமானம் இது.

மறுப்பு ஒன்று எழும்: பட்டாசு வெடி உள்ளிருந்து வருவது, விண்கலச் சிதைவு மேலிருந்து வருவது. உண்மைதான், நேரே தலைமேல் விழும் முதல் அடியை எந்த அமைப்பும் தடுக்காது. ஆனால் கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1இல் சிதறியபோது கிழக்கு டெக்சஸ், லூசியானா பகுதிகளிலிருந்து சுமார் 84,000 துண்டுகள் மீட்கப்பட்டன. தரையில் ஒருவருக்கும் காயமில்லை. ஊர்களுக்கு நடுவே கிடந்த காடும் வயலுமே காத்தன. விழுந்த எரிபொருள் கலன் பற்றிக்கொண்டாலும் கேள்வி அதேதான்: தீ அடுத்த கூரைக்குத் தாவுமா? டிராண்டரில் கட்டாயம் தாவும்.

இடைவெளி வரைபடத்தில் இருந்தால் போதாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். காலியாக இருக்க வேண்டிய நிலத்தை அன்று மனித இரக்கம் நிரப்பியது. அதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது. மற்ற நாட்களில் அந்த நிலத்தை நிரப்புவது தீபாவளி ஆர்டர். உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வரம்பை மீறி ஆட்கள் உட்காருகிறார்கள். இடம் போதாதபோது மரத்தடியிலும் வேலை நடக்கிறது. குத்தகைக்காரருக்கு அறையிலிருந்து வருமானம் உண்டு, வெற்று நிலத்திலிருந்து இல்லை. அறிவியல் புனைவு நகரங்களைப் பற்றிய விவாதங்களில் நான் காணாத கேள்வி இதுதான்: காலி நிலத்தின் செலவை ஏற்பவர் யார்?

இக்கேள்வி நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28இல் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர்தெற்கே போகலாம், கழன்ற அடுக்குகள் திறந்த கடலில் விழும். இஸ்ரோ தேடியதும் இடைவெளியைத்தான். அந்தக் கடல் காலியிடம் அன்று, மீனவர் தொழில் செய்யும் இடம். ஏவும் நாளில் அவர்களை விலகியிருக்கச் சொன்னால், அந்த இடைவெளியின் விலை அன்று கரையில் கிடக்கும் வலை. அதை ஏவுதளத்தின் செலவுக் கணக்கில் எழுத வேண்டும்.