மேலே ஒரு பை, கீழே ஒரு பை

ரத்தநோய்ப் பிரிவின் பகல்நேரச் சிகிச்சை அறை. அடுத்தடுத்து இரண்டு கட்டில்கள். முதல் கட்டிலருகே ஸ்டாண்டில் பை உயரத் தொங்க, அதிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக ஓர் இளைஞரின் கைக்குள் இறங்குகிறது. இரண்டாவது கட்டிலில் பை தரையோரம் தாழ்ந்திருக்க, அறுபதைக் கடந்த ஒருவரின் கையிலிருந்து ரத்தம் அதற்குள் இறங்குகிறது. முன்னவருக்கு ரத்தம் போதாத தலசீமியா, பின்னவருக்கு ரத்தம் மிகுந்து கெட்டிப்படும் பாலிசைத்தீமியா வேரா. ஒருவருக்கு ஏற்றுவது வைத்தியம், மற்றவருக்கு எடுப்பது வைத்தியம். இவரிடம் எடுத்ததை அவருக்கு ஏற்றலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் மஜ்ஜையில் பிறழ்ந்த ஓர் அணுவின் வழிவந்த ரத்தம் அது. தானத்துக்கு ஆகாது, கழித்துவிடுவார்கள்.

ரத்தம் எதிரெதிராக இருக்கும் இந்த இருவருக்கும் பொதுவான முறையீடு ஒன்று உண்டு: கால் வீங்குகிறது. இளைஞருக்கு மாலையானால் இரண்டு கணுக்கால்களிலும் காலுறையின் விளிம்பு பள்ளமாகப் பதிந்து நிற்கிறது. பெரியவருக்கு இடது கெண்டைக்கால் மட்டும் பருத்து, தோல் இறுகி வலிக்கிறது. இந்த இரு வீக்கங்களையும் அருகருகே வைத்து எடைபோட்டால், வேற்றுமை எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஆழமாக ஒற்றுமையும் தென்படும்.

இரும்பிலிருந்து தொடங்கலாம். ஒரு பை ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலோ ஒரு நாளில் ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்ற அறியாது. ஆகவே ஏற்றும் ஒவ்வொரு பையும் இளைஞரின் உடலில் ஒரு கடனைச் சேர்க்கிறது; எடுக்கும் ஒவ்வொரு பையும் பெரியவரின் இருப்பைக் கரைக்கிறது. முன்னவருக்கு இரும்பை வெளியேற்றும் மருந்து வேண்டும். பின்னவருக்கு இரும்புக் குறைவு வந்தாலும் அதை அப்படியே விட்டுவைப்பதுண்டு. இரும்பு கிடைத்தால் மஜ்ஜை மீண்டும் சிவப்பணுக்களைக் கொட்டத் தொடங்கிவிடும். இங்கேயே முதல் வியப்பு காத்திருக்கிறது. ஒருவருக்கு இரும்பு மிகுதி, மற்றவருக்குக் குறைவு. ஆயினும் மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரையைத் தொடக்கூடாது என்பது இருவருக்கும் பொது விதி. சோர்ந்த முகத்தைக் கண்டு “ரத்தம் ஊற டானிக் குடி” என்று அன்போடு சொல்லும் அண்டை வீட்டார், இருவர் விஷயத்திலும் தவறிவிடுகிறார்கள்.

இளைஞரின் வீக்கத்துக்கு இந்த இரும்பே பெரும்பாலும் வேர். அது இதயத் தசையில் படிந்தால் இதயத்தின் இறைக்கும் திறன் குன்றுகிறது. திரும்பிவரும் ரத்தம் தேங்கி, நீர் இரு கால்களிலும் கோக்கிறது. டி2* எனப்படும் எம்ஆர்ஐ அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கினால் இதயத்தில் இரும்பு சேர்ந்துவிட்டதென்று பொருள்; 10க்குக் கீழே இறங்கினால் ஆபத்து நெருங்கிவிட்டது. பெரியவரின் வீக்கத்துக்கோ வேர் காலிலேயே இருக்கிறது. ஆழ்சிரை ஒன்றில் ரத்தம் உறைந்து வழியை அடைக்க, அந்த அடைப்புக்குக் கீழே உள்ள கால் மட்டும் பருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட்டை 45 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது இந்த அபாயத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதை 2013இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு காட்டியது. கட்டுப்பாட்டைத் தளர்த்தி 45 முதல் 50 வரை விட்டவர்களிடம் இதய, ரத்தநாள மரணமும் பெரிய உறைவுகளும் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக நிகழ்ந்தன.

வேர்கள் வேறாகையால் அளக்கும் கருவிகளும் வேறு. இளைஞருக்குக் கட்டைவிரலும் எடை மெஷினும் போதும். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது விரலைப் பத்து நொடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கலாம். காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பார்க்கலாம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, நீர். பெரியவருக்குத் தையல்காரரின் டேப் வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் முண்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரு கெண்டைக்கால்களையும் சுற்றி அளக்க வேண்டும். வித்தியாசம் 3 செ.மீ.யைத் தாண்டினால் அன்றே டாப்ளர் ஸ்கேன். முன்னது நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஏறும், பின்னது மணிக்கணக்கிலேயே ஏறலாம்.

தண்ணீரைப் பற்றிய அறிவுரையும் இருவருக்கும் நேரெதிர். இதயம் தளர்ந்த இளைஞருக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் ஒதுங்கும். கெட்டி ரத்தக்காரரான பெரியவர் நாவறளவே விடக்கூடாது. சித்திரை வெயிலில் நீரிழப்பு அவருக்கு உறைவுக்கான அழைப்பு. ஒருவரின் நீர் மாத்திரையை மற்றவர் இரவல் வாங்கினால் என்ன ஆகும்? இளைஞரின் மூச்சிரைப்பைத் தணிக்கும் அதே மாத்திரை, பெரியவரின் ரத்தத்திலிருந்து நீரைப் பிரித்து அதை மேலும் கெட்டியாக்கிவிடும். “கால்ல நீர் கோத்திருக்கு, இதைப் போடு” என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதன் ஆபத்து இதுதான்.

நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடும் கைப்பக்குவத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இளைஞரின் காலில் அது வீண். காரணம் நெஞ்சில் இருக்கிறது. பெரியவரின் காலில் அது விபரீதம். உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இறுக்கு காலுறையிலும் அவசரம் ஆகாது. உறைவுக்குப் பின் சிரையின் வால்வுகள் பழுதாகி மாலைதோறும் கனக்கும் காலுக்கு அது ஆறுதல். தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகு, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். திணறும் இதயத்துக்கோ காலிலிருந்து திடீரென ஏறிவரும் நீரே சுமையாகிவிடக்கூடும்.

இதுவரை வேற்றுமைகளின் பட்டியல் ஒழுங்காக நீண்டது. இப்போது அதைக் கலைக்கும் உண்மைக்கு வருவோம். நீர்த்த ரத்தமும் உறைகிறது. தலசீமியாவின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவற்றின் மேலுறை சிதைந்தது. அந்தச் சிதைவே உறைதலைத் தூண்டும் பரப்பாகிறது. குறைவாக ரத்தம் ஏற்றிக்கொள்வோருக்கும், மண்ணீரல் அகற்றப்பட்டோருக்கும் இந்த அபாயம் மிகுதி. சீராக ரத்தம் ஏற்றுவது, பழுதான சொந்த அணுக்களின் உற்பத்தியை அடக்கி, உறைவையும் குறைக்கிறது. பாலிசைத்தீமியாவிலும் கெட்டித்தன்மை மட்டுமே குற்றவாளி என்று சொல்ல முடியாது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் கூடவே கிளர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இரு நோய்களிலும் அணுக்களின் எண்ணிக்கையோடு அவற்றின் குணமும் முக்கியம்.

இந்த உறவு மருந்துச் சீட்டிலும் தெரிகிறது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் ஒரே மருந்து, பெரியவரின் மஜ்ஜையை அடக்கவும் சில தலசீமியா நோயாளிகளின் ஹீமோகுளோபினை உயர்த்தவும் பயன்படுகிறது. பெரியவர் அன்றாடம் விழுங்கும் சிறு அளவு ஆஸ்பிரின், மண்ணீரல் அகற்றிய பின் தட்டணு ஏறிய இளைஞருக்கும் பரிந்துரைக்கப்படுவதுண்டு. கணுக்காலருகே ஆறாத புண்ணும் இருவருக்கும் வரலாம்: இளைஞருக்கு நோயால், பெரியவருக்கு அதே ஹைட்ராக்ஸியூரியாவால். ஆகவே இரவில் கால் கழுவி, ஈரம் ஒற்றி, வெளிச்சத்தில் தோலைப் பார்ப்பது இருவருக்கும் பொதுவான கடமை.

சட்டத்தின் முன் மட்டும் இவர்கள் மீண்டும் பிரிகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. பாலிசைத்தீமியா அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிய நோய்க்கு அடையாள அட்டை உண்டு. நடுவயதுக்குப் பின் வந்த நோயைச் சுமப்பவர், பேருந்தில் நின்றபடி வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார். வீக்கத்தின் கனமோ இருவருக்கும் ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் பார்த்ததன் பயன் இங்கே கைகூடுகிறது. இரு கால் வீக்கத்துக்குப் பழகிய இளைஞர், ஒரு நாள் ஒரு கால் மட்டும் கூடுதலாகப் பருத்தால் “வழக்கம்தானே” என்று இருந்துவிடலாம். அவருக்குப் பெரியவரின் டேப் வேண்டும். ஒற்றைக் காலையே கவனித்துவந்த பெரியவருக்கு இரு கால்களும் வீங்கி வயிறும் உப்பினால், கல்லீரல் சிரைகளில் உறைவு ஏற்பட்டிருக்கக்கூடும்; ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் அம்லோடிபைன்கூட இரு கணுக்கால்களையும் வீங்கவைக்கும். அவருக்கு இளைஞரின் கட்டைவிரலும் எடை மெஷினும் வேண்டும். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ சேர்ந்துகொண்டால், எந்தக் கருவியையும் தேடாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியது இருவருமே.

பகல்நேர அறையில் மாலையாகிறது. தொங்கிய பை காலியாகிவிட்டது, தாழ்ந்த பை நிரம்பிவிட்டது. இரண்டையும் நடத்தியது ஒரே புவியீர்ப்பு. செவிலியர் இரு கட்டில்களிலும் கால்களுக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைக்கிறார். இளைஞர் தமது கணுக்காலை அழுத்திப் பார்க்கிறார். அதைக் கவனித்த பெரியவர், குனிந்து தம் காலிலும் விரலை வைக்கிறார்.